ஹட்டனில் எழுதிக் கொடுத்த ஏழு பெயர்கள்

கொழும்பு கோட்டை ரயில் நிலைய வாசலில் சோதனைக்கு நின்ற ராணுவப் பெண்ணின் கை, சேலைக்கு மேலாக என் இடது தொடையில் பட்டது. பட்டதும் அவள் இரண்டடி பின்னால் போனாள். தோளில் தொங்கிய துப்பாக்கி முன்னால் வந்தது.

நான் அசையவில்லை. எனக்குச் சிங்களம் தெரியாது. "போலியோ" என்று மட்டும் சொன்னேன். சேலையை முழங்கால்வரை தூக்கிக் காலிப்பரைக் காட்டினேன். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தோல் வார், அடியில் கறுப்பு பூட்ஸ். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். குனிந்து சேலையை அவளே இறக்கிவிட்டாள்.  

இது நடந்தது இரண்டாயிரத்து ஏழில். சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். "இப்போது போய் அங்கே என்ன வேலை?" என்று திருச்சியில் கேட்காதவர்கள் இல்லை.

வேலை இருந்தது. பதினாறு வருடம் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தின் பணியாளர் பிரிவில் இருந்தேன். மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு லிஃப்ட் கேட்டு நான் எழுதிய மனுக்களைச் சேர்த்தால் ஒரு கோப்பு வரும். நாற்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டு, தில்லை நகரில் தரைத்தளத்தில் ஒரு அறை பிடித்துப் பலகை மாட்டினேன். 'சமத்துவம், பன்மைத்தன்மை, ஊனமுற்றோர் உரிமை – நிறுவனங்களுக்கு ஆலோசனை.' பலகையைப் பார்த்து பஸ் பாஸ் வாங்கித் தரச் சொல்லி ஒருவர் வந்தார். மாமியார் சண்டையைத் தீர்த்துவைக்கச் சொல்லி ஒரு தம்பதி வந்தது. நிறுவனம் என்று எதுவும் வரவில்லை.

எட்டாவது மாதம் இலங்கையிலிருந்து ஒரு தேயிலைக் கம்பெனி எழுதியது. ஊனமுற்ற தொழிலாளர்களை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்று அவர்களிடம் தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம். ஆட்களிடம் தமிழில் பேசி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுத ஒருவர் வேண்டுமாம். பயம் வருவதற்கு முன்னால் சரி என்று பதில் போட்டுவிட்டேன். பயம் மறுநாள் வந்தது. அதற்குப் பிறகு போகவே இல்லை.

ரயிலில் ஏறியதும் ஒரு தப்பு செய்தேன். பெட்டியை மேலே தூக்கி வைக்க முடியாமல் கதவோரம் விட்டுவிட்டு, நாலு வரிசை தள்ளி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். ரம்புக்கனை தாண்டி வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறத் தொடங்கியது. கூடைக்காரரிடம் வடை வாங்கினேன். நம் ஊர்ப் பருப்பு வடையின் நடுவில் ஒரு முழு இறாலை மீசையோடு பதித்திருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டுத் தாளில் சுற்றித் தந்தார்.

பாதி வடையில் இருக்கும்போது கதவுப் பக்கம் குரல்கள் உயர்ந்தன. எதிரே இருந்த வயதான சிங்களவர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஒரு பெட்டி கிடக்கிறதாம். யாருடையது என்று தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷனில் ராணுவத்தைக் கூப்பிடலாம் என்கிறார் ஒருவர். அதுவரை காத்திருக்க வேண்டாம், வெளியே தள்ளிவிடலாம் என்கிறார் இன்னொருவர்."

ஆட்கள் எங்கள் பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒரு தாய் குழந்தையின் தலையை மடியில் அமுக்கிக் குனிந்திருந்தாள். என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நான் யார், என்ன மொழி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பெட்டியைவிட நானே அவர்களுக்குப் பெரிய பயமாகிவிடுவேன் என்று பட்டது. ஆனாலும் கையை உயர்த்தினேன்.

எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சேலைகள், மருந்து, ஊன்றுகோலுக்கு மாற்று ரப்பர்கள், புதிதாக அச்சடித்த என் விசிட்டிங் கார்டுகள். கார்டு ஒன்றை எடுத்து அந்த வயதானவர் சத்தமாகப் படித்தார். "சமத்துவம். இதை விற்கவா இங்கே வந்தீர்கள்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கி என் காலடியில் கொண்டுவந்து வைத்தார் ஒருவர். நான் இறங்க வேண்டிய ஹட்டன் வரும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தேன்.

கம்பெனியின் தேயிலைத் தோட்டம் பக்கத்தில், வட்டவளை ஊருக்கு மேலே. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. மறுநாள் காலை கம்பெனி ஜீப் பாதி வழியில் சேற்றில் மாட்டிக்கொண்டது. மிச்ச தூரத்தை ஊன்றுகோலோடு ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது பூட்ஸுக்குள் மூன்று அட்டைப்பூச்சிகள் இருந்தன.

மானேஜரை எல்லோரும் 'பெரிய தொரை' என்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலமாகியும் அந்தச் சொல் அங்கேயே தங்கிவிட்டது. என்னைவிட இளையவர், மெல்லிய குரல். எனக்காகப் படியில்லாத பக்கமாக நாற்காலி போடச் சொல்லியிருந்தார். அந்த ஒரு காரியத்திலேயே நான் அவரை நம்பிவிட்டேன்.

சிங்களத்துக்கும் துணைக்கும் மலர் டீச்சரை அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர். பதினெட்டு வருடமாகத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். பள்ளி விடுமுறை என்பதால் வர ஒப்புக்கொண்டாராம். ஹட்டன் விருந்தினர் விடுதியில் என் பக்கத்து அறையில்தான் தங்கினார். அவர் பேச்சைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் பிடித்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பேச்சைப் புரிந்துகொள்ள ஒரு நொடிகூட ஆகவில்லை. வரிசையாகத் தகரக் கூரை போட்ட அந்த ஒற்றை அறை வீடுகளின் முன்னால் நின்று ஒரு பெண், "வாங்க மிஸ், குந்துங்க" என்றபோது முசிறியில் என் சித்தி கூப்பிட்டதுபோலவே இருந்தது. இவர்களுடைய பாட்டன்மார் எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள். வேற்று நாட்டில் சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதலில், "அப்பிடி யாரும் எங்க லயத்துல இல்லீங்க" என்றுதான் சொன்னார்கள். நான் களைத்துப்போய்க் காலிப்பர் வார்களைத் தளர்த்தினேன். காலைப் பார்த்ததும் ஒரு தாய் உள்ளே போய், காது கேளாத மகளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். கொழுந்து பறிக்கிற பெண். பிறகு ஒருவர், இன்னொருவர். கண் மங்கிய ஒருவர், முதுகு கூனிய ஒருவர். மாலைக்குள் ஆறு பேர்.

ஏழாவதாக வந்தவள் மாரியாயி. நாற்பதை நெருங்கியவள். இடுப்பில் கட்டியிருந்த சாக்குக்குள் வைத்திருந்த வலது கையை எடுத்துக் காட்டினாள். நாலு விரல்கள் இல்லை. தேயிலை ஆலையை அவர்கள் 'இஸ்டோரு' என்கிறார்கள்.

"இஸ்டோர்ல ரோலர் மெசின் இழுத்துருச்சு. அப்பறம் மலைக்கு வந்துட்டேன். எடது கையாலயே பறிக்கிறேன் மிஸ். எடையில கொறை சொன்னதில்ல."

பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டேன். சொன்னாள். எழுதிக்கொண்டேன். சர்க்கரையை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு குடிக்க வெறும் தேநீர் கொடுத்தாள். கறுப்பாக, கடுப்பாக இருந்தது. உலகத்துக்குத் தேயிலை பறிக்கிறவர்களுக்கு மிஞ்சுவது தூள்தான். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பலோடு கோதுமை ரொட்டி. எட்டு மாதம் காத்திருந்த தொழில் அன்றைக்குத்தான் தொடங்கியதுபோல இருந்தது எனக்கு.

திரும்பும் வழியில் ஆபீசில் கிளார்க் ஒருவர், "லிஸ்டைக் குடுத்தா டைப் பண்ணித் தந்துடுவோம்" என்றார். நோட்டை நீட்டினேன். பத்து நிமிடத்தில் திருப்பித் தந்துவிட்டார்.

மூன்றாம் நாள் விடிகாலை பெரட்டைப் பார்க்கப் போனேன். ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரிப்பதற்குத்தான் பெரட்டு என்று பெயர். பனி கழுத்துவரை நின்றது. கணக்கப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்துக் கூப்பிடக் கூப்பிட, பெண்கள் குரல் கொடுத்துவிட்டு மலைக்கு நகர்ந்தார்கள். கடைசியில் ஏழு பேர் மிஞ்சி நின்றார்கள். எனக்கு ஏழு முகமும் தெரிந்தது.

"நீங்க ஆபீசுக்குப் போங்க. டாக்டர் பாக்கணுமாம்" என்றார் கணக்கப்பிள்ளை. அவர் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

மலர் டீச்சர் என் காதருகே வந்தார். "போன வருசம் மற்றப் பிரிவிலையும் உப்பிடித்தான் செய்தவை. டாக்டரிட்டைக் காட்டிப்போட்டு, வேலைக்கு ஏலாத ஆக்கள் எண்டு பேரை வெட்டிப்போட்டினம். வீட்டிலை வேற ஆரும் தோட்டத்திலை வேலை செய்யாட்டி அறையையும் விடோணும். உங்களுக்கு விளங்குதோ?"

விளங்கியது. 

மாரியாயி கணக்கப்பிள்ளையை நோக்கி ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றினாள். "நீதான்யா போட்டுக் குடுத்த. ஒம் புள்ளைங்க நல்லா இருக்குமா?" என்று கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா மிஸ், இவன் பண்ணுற வேலைய" என்றாள்.

 ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

துரையிடம் போனேன். அந்தப் பட்டியல் அறிக்கைக்காக எடுத்தது, வேலையை நிறுத்துவதற்காக அல்ல என்றேன். 

"அவர்களுடைய நன்மைக்குத்தான். வழுக்குகிற மலையில் அவர்களை ஏற்றுவது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார். பிறகு தேநீரை என் பக்கம் நகர்த்தினார். "மேடம், காலம் சரியில்லை. வெளிநாட்டுக்காரர், அதிலும் தமிழர், லயங்களில் ஆட்களைக் கூட்டிப் பேசினால் யாராவது தப்பாக எழுதிப்போடுவார்கள். உங்கள் பாதுகாப்பு என் பொறுப்பு. நாளைக்கு வண்டி தருகிறேன், இறம்பொடை அருவியைப் பார்த்துவிட்டு வாருங்கள்."

அன்று மாலை ஆறு மணிக்கு விடுதிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை வழக்கமான சோதனையாகவே இருக்கலாம். என் பாஸ்போர்ட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தந்துவிட்டார்கள். மலர் டீச்சரின் அடையாள அட்டையைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். எப்போது வந்தாய், யாரோடு இருக்கிறாய், ஏன் இவரோடு திரிகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டீச்சர் நின்றபடியே பதில் சொன்னார். அவர்கள் போன பிறகும் உட்காரவில்லை.

"நீங்கள் பிளேன் ஏறிப் போயிடுவியள்" என்றார் கடைசியில். "நான் இஞ்சதான் இருக்கோணும்."

நாலாம் நாள் நான் வண்டியில் ஏறினேன். இதை மறைத்து எழுதலாம்தான். ஆனால் ஏறினேன். டீச்சரும் முன் இருக்கையில் பேசாமல் வந்தார். நுவரெலியா வழியாக மூன்று மணி நேரம். வழியில் இரண்டு ராணுவக் காவலரண்கள். ஒவ்வொன்றிலும் இறங்கிக் காலைக் காட்டினேன். நுவரெலியாவில் ஊட்டியைப் போலவே கேரட்டும் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸும் குவித்து விற்றார்கள். இறம்பொடையில் அருவி விழுந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது.

அங்கிருந்த அனுமார் கோயில் படியை ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்தேன். டீச்சரும் மேலே போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து, பாண் என்று அங்கே சொல்கிற பிரெட்டையும் பருப்புக் கறியையும் ஆளுக்குப் பாதியாக வைத்தார்.

"டீச்சர், நோட்டைக் குடுத்தது நான்தான்" என்றேன்.

"தெரியும். பக்கத்திலைதானே நிண்டனான். நானும் வாய் திறக்கேல்லைத்தானே."

 "மாரியாயிகிட்டப் போய்ச் சொல்லணும்" என்றேன். உங்களை வரச் சொல்லமாட்டேன் என்றும் சொன்னேன். டீச்சர் பாணை மறுபடி தாளில் மடித்தார். டிரைவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். வண்டி திரும்பியது.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மாரியாயி அடுப்பு முன்னால் இடது கையால் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"கணக்கப்பிள்ளை இல்ல மாரியாயி. பேரைக் குடுத்தது நான்."

கை நின்றது. "எப்ப?"

"அன்னிக்கு சாயங்காலமே."

"கேட்டாங்களா, நீங்களா குடுத்தீங்களா?"

"கேட்டாங்க. கேட்டதும் குடுத்துட்டேன். எதுக்குன்னு நான் கேக்கல."

"நேத்து நான் மண்ண வாரித் தூத்துனப்ப பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா."

"பயமா?"

"பயம்."

"எனக்கு மட்டும் என்னா, தைரியம் வந்தா கைய காட்டுனேன்? ஒங்க கால பாத்துட்டுத்தான் காட்டுனேன்." அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான் அங்கேயே உட்கார்ந்து, கம்பெனிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். இந்த ஏழு பேரும் தங்கள் வேலை நிலைமை மேம்படுவதற்காக மட்டுமே என்னிடம் பேசினார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று நான் யாரையும் சொல்லவில்லை. இந்தப் பட்டியலை வைத்து யாரையும் நிறுத்தினால் அதை என் அறிக்கையில் எழுதி, அதைக் கேட்ட வெளிநாட்டுக்காரர்களுக்கே நேராக அனுப்புவேன். கீழே கையெழுத்திட்டேன். 

வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாராவது வாசிக்க வேண்டும். நான் சுற்றிப் பார்ப்பதற்குள் மலர் டீச்சர் தாளை வாங்கினார். வகுப்பில் வாசிப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் வாசித்தார்.  வாசித்து முடித்ததும் அங்கேயே இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார்.

ஐந்தாம் நாள் விடியலில் பெரட்டுக்குப் போகும்போது என் ஊன்றுகோல் இரண்டு முறை வழுக்கியது. கணக்கப்பிள்ளை முதல் பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் குரல் கொடுத்தாள், நகரவில்லை. இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர். குரல் வந்தது, கூடை அசையவில்லை. அவர் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன என்று கேட்டார்.

"இன்னும் ஏழு பேரு பாக்கி இருக்கு ஐயா. கூப்புடுங்க, போறோம்" என்றாள் முன்னால் நின்றவள். சத்தம் போடவில்லை.

கண்டாக்கு, அதாவது கணக்கப்பிள்ளைக்கு மேல் உள்ள அதிகாரி, வந்தார். கடிதத்தை டீச்சர் அவரிடம் கொடுத்தார். அவர் ஆபீசுக்குப் போனார். முக்கால் மணி நேரம். மழை தொடங்கியது. ஒருவரும் ஒதுங்கவில்லை. போலீஸ் வண்டி வருகிறதா என்று நான் கீழே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவில் ஒரு வண்டி திரும்பியது. பாண் கொண்டுவருகிற வண்டி.

கண்டாக்கு திரும்பி வந்து கணக்கப்பிள்ளையிடம் ஒரு சொல் சொன்னார். புத்தகம் திறந்தது. ஏழு பெயர்களும் கூப்பிடப்பட்டன. காது கேளாத பெண்ணின் பெயர் வந்தபோது பக்கத்திலிருந்தவள் அவள் தோளைத் தொட, அவள் கையை உயர்த்தினாள். மாரியாயி கடைசி.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறிக்கையைப் பெயர்கள் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கம்பெனி என்னை மறுபடி கூப்பிடவில்லை. ஏழு பேரும் வேலையில் இருக்கிறார்கள் என்று டீச்சர் அடுத்த வருடம் எழுதினார். அவரை இரண்டு முறை போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்களாம். அதை அவர் ஒரே வரியில் எழுதியிருந்தார்.

அன்று காலை எல்லோரும் மலைக்குப் போன பிறகு மாரியாயி என்னிடம் வந்தாள். சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"இன்னொரு நாளைக்கு வேற யாராச்சும் நோட்ட தூக்கிக்கிட்டு வருவாங்களா?"

"வரலாம்."

"வந்தா நாங்க என்னா சொல்லணும்?"

அதுவரை என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "எதுக்குன்னு கேளுங்க. பேரை யார்கிட்ட குடுப்பீங்கன்னு கேளுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி பேர் சொல்லாதீங்க" என்றேன். என் நிறுவனம் கொடுத்த முதல் ஆலோசனை அதுதான்.

அவள் ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கூடையை ஏற்றி, கயிற்றைத் தலையில் சரி செய்தாள்.

"இத மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல மிஸ்" என்றாள். சொல்லிவிட்டு மலை ஏறிப் போனாள்.